எசன்ஸைத் திறந்து வைப்பதா, மூடி ஊறவைப்பதா?

கம்பம் பக்கத்துக் கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, வீட்டில் கேக்கும் சர்பத்தும் செய்து விற்கிறேன். வெனிலா, ஏலம், நன்னாரி எசன்ஸ் எல்லாம் நானே ஊறவைத்து எடுக்கலாம் என்று இருக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் வேப் திரவத்தை வீட்டிலேயே கலப்பவர். எதைக் கலந்தாலும் ஒரு ராத்திரி மூடியைத் திறந்து காற்றாட விடணும், அப்புறம் மூடி இருட்டில் மூன்று வாரம் ஊறவைக்கணும், எல்லா வாசனைக்கும் இதுதான் முறை என்கிறார். சரிதானா?"

தம்பி, மச்சான் சொன்னதில் ஊறவைப்பது உனக்கும் பொருந்தும், அதுவும் எல்லாவற்றுக்கும் மூன்று வாரம் கிடையாது. திறந்து வைப்பது பெரும்பாலும் உனக்கு நஷ்டம்தான். இரண்டும் வேறு வேறு வேலை. மூடியைத் திறந்தால் புட்டியிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போகும், காற்று உள்ளே வரும். மூடி வைத்தால் எதுவும் போகாது, உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று கலக்கும், சிலது சேர்ந்து புதிதாக மாறும். ஆகவே திறக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதிலிருந்து எது போகணும் என்று நினைக்கிறாய்? பதில் இல்லையென்றால் மூடியைத் தொடாதே.

மச்சானுக்கு அதற்குப் பதில் உண்டு. வேப் திரவம் என்பது மின் சிகரெட்டில் ஊற்றி ஆவியாக இழுப்பது; புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் இரண்டும் கலந்த கெட்டியான திரவம். அதில் சில சதவீதம் வாசனைச் சரக்கு சேர்ப்பார்கள். அந்தச் சரக்கு சிலவற்றில் ஆல்கஹாலில் கரைத்திருக்கும். புதிதாகக் கலந்ததை இழுத்தால் தொண்டையில் காரமாகப் பிடிக்கும், ஸ்பிரிட் வாடை தூக்கும். எத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி, கிளைக்காலுக்கு 188, கிளிசரினுக்கு 290. திறந்து வைத்தால் முதலில் ஆல்கஹால் கிளம்பிவிடும், மற்ற இரண்டும் அசையாமல் இருக்கும். அதனால் அவருக்கு அது உதவுகிறது. ஆனால் ஆல்கஹால் தனியாகப் போவதில்லை. அன்னாசி வாசனை தரும் எத்தில் பியூட்டிரேட்டின் கொதிநிலை 121 டிகிரி, வாழைப்பழ வாசனை தரும் ஐசோ அமைல் அசிட்டேட்டுக்கு 142. கொதிநிலையைத் தொட்டால்தான் ஆவியாகும் என்றில்லை, அறை வெப்பத்திலேயே இவையும் கூடவே கிளம்பும். பழ வாசனைகளைத் திறந்து வைத்தவர்கள் மறுநாள் "சப்பென்று ஆகிவிட்டது" என்று சொல்வது இதனால்தான்.

ஊறுவதன் காரணம் வேறு. கிளிசரின் தேன் மாதிரி கெட்டி, எல்லாம் சீராகப் பரவவே நேரம் பிடிக்கும். அதுபோக வெனிலா வாசனையான வெனிலின், பாதாம் வாசனையான பென்சால்டிஹைடு, பட்டை வாசனையான சின்னமால்டிஹைடு போன்றவை புரோப்பிலீன் கிளைக்காலோடு மெதுவாகச் சேர்ந்து அசிட்டால் என்ற வேறு பொருளாக மாறும். முனை மழுங்கி வாசனை மிருதுவாகும். கஸ்டர்ட், வெனிலா வகைகளை வாரக்கணக்கில் வைப்பதும், பழ வகைகளைக் கலந்த அன்றே எடுப்பதும் அவர்களிடம் வழக்கம். நிறம் பழுப்பானால் பக்குவம் வந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தத் திரவத்தில் சேர்க்கும் நிகோட்டின் காற்றுப்பட்டாலும் பழுப்பாகும், வெனிலினும் நாளாவட்டத்தில் நிறம் கூட்டும். நிறத்தை வைத்துப் பக்குவம் சொல்ல முடியாது, மூக்குதான் சொல்லும்.

போகிற போக்கில் இரண்டு விஷயம். நம் நாட்டில் மின் சிகரெட்டை 2019-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சான் ஊருக்கு வரும்போது சாமான்களை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல். இரண்டாவது, தின்பதற்கு ஆகிற வாசனை மூச்சில் இழுப்பதற்கும் ஆகும் என்று நினைக்காதே. வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் சாப்பாட்டில் சாதாரணப் பொருள். அதே டைஅசிட்டைல் ஆவியைச் சுவாசித்து வேலை செய்த அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போனது 2000-ல் தெரியவந்தது. நீ கேக்குக்காக வாங்குகிற புட்டியை மச்சானுக்குக் கொடுத்தனுப்பாதே.

சரி, உன் வேலைக்கு வருவோம். கடை எசன்ஸ் என்றால் காற்றாட விடும் பேச்சே வேண்டாம். ஆரஞ்சும் பாதாமும் இரண்டு நல்ல சாட்சி. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் பழ வாசனை போய் டர்பன்டைன் வாடை வரும். பாதாம் எசன்ஸில் இருக்கும் பென்சால்டிஹைடு காற்றுப்பட்டால் பென்சாயிக் அமிலமாகிவிடும். பழைய பாதாம் எசன்ஸ் புட்டியின் கழுத்தில், மூடியின் திருகுக்குள், வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார். புட்டியை அடிக்கடி திறந்து மூடியதற்கு அது கணக்கு.

எந்தப் புட்டியில் எது சீக்கிரம் போகும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கெட்டியான வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டு. மைப்பூச்சு இல்லாத ஃபில்டர் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. நுனியில் எசன்ஸைத் தொட்டு, மேலே பெயர் எழுதி, காற்று அடிக்காத இடத்தில் கிளிப்பில் தொங்கவிடு. தொட்டதும் ஒரு தடவை மோந்து பார், அரை மணி கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை. அன்னாசிக் கீற்று முதலில் மூக்கைத் துளைக்கும், மறுநாள் வெறும் காகிதம். வெனிலாக் கீற்று முதலில் ஸ்பிரிட்டாக அடிக்கும், மறுநாள்தான் அசல் முகம் காட்டும். வெனிலினின் கொதிநிலை 285 டிகிரி, அது இருந்த இடத்தை விட்டு நகராது. இதைப் பார்த்துவிட்டால் மச்சான் சொன்ன விதி எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேக்கில் வெனிலாவின் ஸ்பிரிட் வாடையை நீக்க நீ தனியாக எதுவும் செய்யவேண்டாம், அடுப்பே பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த சர்பத்தில்தான் அது துருத்தும். அதற்கும் புட்டியைத் திறந்து வைக்காதே. அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பாகோடு கலந்து அரை மணி திறந்து வை. புட்டியில் இருப்பது புட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும். இன்னொன்று, கொதிக்கிற பாகில் எசன்ஸை ஊற்றி வீட்டையே மணக்க வைக்கிறவர்கள் அதிகம். வீடு மணந்தால் பாகில் குறைந்தது என்று அர்த்தம். பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையால் சாதாரணமாகத் தொட முடிகிற சூட்டுக்கு வந்தபின் ஊற்று, உடனே மூடு.

இனி வெனிலா. உன் பட்டியலில் நிஜமாகவே மாதக்கணக்கில் ஊறவேண்டியது இது ஒன்றுதான்.

குமுளி ஏறினால் இந்தக் கொடியின் கதையைச் சொல்ல இன்றும் ஆள் உண்டு. 2000-ல் மடகாஸ்கரைப் புயல் அடித்தபின் உலகச் சந்தையில் வெனிலா விலை எகிறியது. இடுக்கி மாவட்டத்தில் மிளகுக்கும் ஏலத்துக்கும் நடுவே வெனிலாவைக் கட்டிவிட்டு, திருட்டுக்குப் பயந்து ராத்திரி காவல் இருந்தார்கள். சில வருடங்களில் விலை விழுந்ததும் பலர் கொடியையே பிடுங்கிப் போட்டார்கள். விலை இவ்வளவு ஆடுவதற்குக் காரணம் அதன் கைவேலை. பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். தாயகமான மெக்சிகோவைவிட்டு வந்த இடங்களில் மகரந்தம் சேர்க்கப் பூச்சி கிடையாது, மனிதக் கைதான். அந்த எளிய முறையை 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றும் அதே முறைதான், சின்னக் குச்சி நுனியால் பூவுக்குள் இருக்கும் மடலைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்துவது.

பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது. வெனிலின் சர்க்கரையோடு பிணைந்து அடைபட்டிருக்கும். சுமார் 65 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைத்தால் காய்க்குள் இருக்கும் நொதி அந்தப் பிணைப்பை அறுக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதமான காய் கிடைக்கும். ஆகவே தோட்டத்தில் யாராவது பச்சைக் காயைச் சும்மா கொடுத்தாலும் அதை நேரே சாராயத்தில் போட்டுவிடாதே, எத்தனை மாதம் ஊறினாலும் பலன் வராது.

வாங்கும்போது காயை விரலில் சுற்றிப் பார். ஒடியாமல் வளையணும், லேசாக எண்ணெய்ப் பசை ஒட்டணும். சில காய்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதில் இரண்டு வகை. வெளிச்சத்தில் சாய்த்தால் ஊசி ஊசியாக மினுங்கினால் அது வெனிலின் படிகம், நல்ல சரக்கு. மினுங்காமல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்து மக்கு வாடை அடித்தால் பூஞ்சணம், கழித்துவிடு. கடைக்காரர் இரண்டையும் படிகம் என்றுதான் சொல்வார்.

அளவு என்று பார்த்தால், அமெரிக்காவில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர் போடவேண்டுமானால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காயும், 35 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலும் இருக்கவேண்டும் என்பது விதி. வீட்டுக்கும் அது நல்ல கணக்கு. 250 மில்லிக்கு 25 கிராம் காய் போடு. நம் கடைகளில் கிடைக்கும் வாட்கா 42.8 சதவீதம், அது போதும். வாசனையற்ற வாட்காதான் வெனிலாவை வெனிலாவாகக் காட்டும், பிராந்தி தன் குணத்தையும் கொண்டுவரும். புட்டியை உன் ஊரிலேயே வாங்கு. கேரளப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கிச் சோதனைச் சாவடியில் எசன்ஸ் செய்யத்தான் என்று விளக்கிக்கொண்டு நிற்காதே.

காயில் இருக்கும் வெனிலின் மட்டும் என்றால் தண்ணீரிலேயே கரைந்துவிடும், அதன் அளவு அவ்வளவு குறைவு. ஆல்கஹால் எதற்கு என்றால், காயில் இருக்கும் பிசினும் மற்ற நூற்றுக்கணக்கான நுண்வாசனைகளும் வெளியே வருவதற்கு, அப்புறம் கெடாமல் இருப்பதற்கு. காயை நீளவாக்கில் பிளந்து, இரண்டு அங்குலத் துண்டாக்கி, முழுதும் திரவத்தில் முங்கும்படி போடு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தான் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, வெயில் படாத அலமாரி. வாரத்துக்கு ஒருமுறை மூடியோடு குலுக்கினால் போதும், திறந்து மோந்து பார்க்கும் ஆசையை அடக்கு. ஒரு மாதத்தில் நிறம் வந்துவிடும், நாக்கில் இன்னும் ஸ்பிரிட்தான் முந்தும். இரண்டு மூன்று மாதத்தில் கேக்குக்கு ஆகும். ஆறு மாதத்தில் மரவாசமும் இனிப்பும் ஒன்றாகி உருண்டு வரும், அவசரம் இல்லையென்றால் அதுவரை விடு. குமுளிக் குளிரில் இன்னும் மெதுவாக இறங்கும், கம்பத்து வெயிலில் கொஞ்சம் சீக்கிரம். அதற்காக அடுப்பங்கரை மேடையிலோ மொட்டை மாடியிலோ வைத்து அவசரப்படுத்தாதே. சூட்டில் புட்டிக்குள் ஆல்கஹால் ஆவி அழுத்தம் ஏறும், தீயும் பக்கத்தில் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட், பாலிஷ் போடும் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர் எதையும் இதற்குத் தொடாதே. அவற்றில் மெத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மாதிரி குடிக்கக்கூடாத சரக்கு இருக்கும். வடிகட்டினாலும் கொதிக்கவைத்தாலும் உணவுக்கு ஆகாது.

ஆல்கஹால் வேண்டாம் என்கிற வாடிக்கையாளர்கள் உனக்கு இருப்பார்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கேக் விற்றுக்கொண்டு எசன்ஸில் ஆல்கஹால் இருப்பதை மறைக்கவும் கூடாது. அவர்களுக்கு மூன்று பங்கு கிளிசரினுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து அதில் காயை ஊறவைக்கலாம். ஆல்கஹால் அளவுக்கு வீரியம் இருக்காது, காயைக் கொஞ்சம் கூட்டிப் போடு. இங்கேதான் கவனம். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் இரண்டையும் கேனில் சில்லறையாக ஊற்றித் தருபவர்களிடம் வாங்காதே. மலிவான தொழிற்சாலைச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 2022-ல் காம்பியாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த விவகாரத்தில் பேசப்பட்டது இதுதான். கண்ணால் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. உணவுத் தரம் என்று அச்சிட்டு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் போட்ட, முத்திரை உடையாத புட்டியாக வாங்கு.

ஏலக்காய் வெனிலாவுக்கு நேர் எதிர். நல்ல காய்க்குப் புட்டடியும் போடியும் பக்கத்திலேயே ஏல மையங்கள், உனக்குக் குறை இல்லை. வாசனையெல்லாம் கறுப்பு விதையில். சினியோல், டெர்பினைல் அசிட்டேட் என்ற இரண்டும்தான் அதில் பெரிய ஆட்கள். முதலாவது தைலம் மாதிரி சுள்ளென்று இருக்கும், இரண்டாவது பூவாசமும் இனிப்புமாக இருக்கும். ஏலப்பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் முதலில் ஓடுவது அந்தச் சுள். தோலை உரித்து, விதையை ஊறப்போடும் நேரத்தில்தான் ஒன்றிரண்டாகத் தட்டணும். மாவாக அரைத்தால் கலங்கலும் கசப்பும் இறங்கும். வாட்காவில் ஐந்து முதல் ஏழு நாள் போதும், மூன்றாம் நாளிலிருந்து ஒரு சொட்டைச் சர்க்கரையில் விட்டு ருசி பார். அதற்கு மேல் விட்டால் வாசனை ஏறாது, துவர்ப்புதான் ஏறும். துணியில் வடித்து, சின்னச் சின்னப் புட்டியாகக் கழுத்துவரை நிரப்பி வை. பாதிப் புட்டி வெறுமையாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் இருப்பதும் காற்றுதான், நீ மூடி திறந்து வைத்ததற்குச் சமம். சர்பத்தில் விடும்போது லேசாகக் கலங்கினால் பயப்படாதே, எண்ணெய் தண்ணீரில் பிரிந்து நிற்கிறது, கெடவில்லை.

நன்னாரி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் வாசனைப் பொருளும் வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, எண்ணிக்கைகூட ஒன்றுதான், அமர்ந்திருக்கும் இடம்தான் வேறு. வெனிலின் பங்காளி என்று வைத்துக்கொள். ஆனால் குணம் நேர்மாறு. வெனிலின் நகராது, நன்னாரியின் வாசனை நீராவியோடு கிளம்பிவிடும். வேரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் கஷாயமாக்குகிறவர்கள் நிறத்தை வைத்துக்கொண்டு மணத்தை ஜன்னல் வழியாக அனுப்புகிறார்கள். கழுவிய வேரைத் தட்டி, நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பை உருவிப் போட்டுவிடு, சரக்கு பட்டையில்தான். நன்றாகச் சூடான தண்ணீரை ஊற்றி, உடனே மூடி, ராத்திரி முழுக்க விடு. காலையில் வடித்துச் சர்க்கரை சேர்த்து, சர்க்கரை கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கு. பாகில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கட்டும், குறைந்தால் கம்பத்து வெயிலில் சில நாளிலேயே நுரைக்கும்.

திராட்சை எசன்ஸ் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் கம்பத்துக்காரனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கடைத் திராட்சை எசன்ஸின் வாசனை மெத்தில் ஆந்த்ரனிலேட். அது அமெரிக்க இனத் திராட்சைகளின் மணம், நம் பெங்களூர் ப்ளூவில் வரும். பன்னீர் திராட்சை மஸ்கட் வகை, அதன் மணம் லினலூல், ஜெரனியால் போன்ற பூவாசப் பொருட்களால் வருவது. எவ்வளவு ஊறவைத்தாலும் அந்தப் புட்டி பன்னீர் திராட்சை ஆகாது. பழமே கையில் இருக்கும்போது அதைப் பிழிந்து ஊற்றிவிடு.

வெனிலாவையும் ஏலத்தையும் சேர்த்து ஒரு சர்பத் கலவை செய்வதாக இருந்தால், தனித்தனியாக ஊறவைத்து வடித்த பிறகு கலந்துகொள். ஒரே புட்டியில் போட்டால் வெனிலா பக்குவம் ஆவதற்குள் ஏலம் துவர்த்துவிடும். கலந்தபின் மூடி இரண்டு மூன்று நாள் விட்டால் போதும், அதற்கப்புறம் பாகில் சேர். உப்பு ஒரு சிட்டிகை போட்டுப் பார், இரண்டும் நன்றாகப் பேசும்.

கடைசியாக, எதற்கும் கண்ணாடிப் புட்டிதான். ஆரஞ்சுத் தோல் எசன்ஸை மெலிந்த பிளாஸ்டிக் கப்பில் அளந்துவிடாதே. லிமோனீன் தெர்மகோலையும் பாலிஸ்டைரீன் கப்பையும் கரைத்துவிடும். எஃகு ஸ்பூனோ கண்ணாடிச் சொட்டானோ வைத்துக்கொள், ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனி. ரப்பர் குமிழ் உள்ள சொட்டான் என்றால் அதைப் புட்டியிலேயே மூடியாக விட்டுவிடாதே. ரப்பர் ஏலத்தைக் குடித்துக்கொள்ளும், தன் வாடையைப் புட்டிக்குத் தரும்.